காவிரி ஓடும் ஊரில் மழைநீர்த் தொட்டி எதற்கு?

டெல்டாவில் யாரிடமாவது மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "அதெல்லாம் மெட்ராஸ்காரங்களுக்கு. நமக்குத்தான் ஆறு இருக்கே" என்று முடித்துவிடுவார்கள். ஐப்பசி பிறந்தால் இங்கே கவலையே வேறு. சம்பாப் பயிர் மூழ்கக் கூடாது, கொல்லையில் தேங்கியது வாய்க்காலுக்கு வடிய வேண்டும், மின்கம்பம் சாயாமல் இருக்க வேண்டும். இந்த நேரத்தில் கூரையில் விழுவதையும் பிடித்து வையுங்கள் என்றால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அதே கார்த்திகை மழையில், அதே தெருவில், கேன் தண்ணீர் வண்டியும் வருகிறது. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்க் காசு கொடுத்து வாங்குகிறோம். தலைக்கு மேல் கொட்டுகிற நல்ல தண்ணீர் சன்ஷேடிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போகிறது.

ஆறு இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஒரு காலண்டர் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மாசியிலிருந்து வைகாசி வரை காவிரியிலும் வெண்ணாற்றிலும் மணல்தான் தெரியும். அணையில் இருப்பு போதாத வருஷங்களில் ஜூன் 12 என்பதும் தள்ளிப்போகும். போர்வெல் இருக்கிறதே என்றால், திருவாரூருக்குக் கிழக்கே போகப் போகப் பல ஊர்களில் போர்த் தண்ணீர் துணி துவைக்கத்தான் ஆகும், வாயில் வைக்க முடியாது.

மழைநீர் சேகரிப்பு என்றால் என்ன? கூரையில் விழும் தண்ணீர் தரையைத் தொட்டு அழுக்காகும் முன்பே அதை வழிமறித்து, ஒன்று தொட்டியில் வைத்துக்கொள்வது, அல்லது நிலத்துக்குள் இறக்கிவிடுவது. முதலாவதைச் சேமிப்பு என்பார்கள். இரண்டாவதற்கு நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் என்று பெயர். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். 2003-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களிலும் இதைக் கட்டாயமாக்கியபோது, பெரும்பாலான வீடுகளில் நடந்தது குழி வெட்டி ஜல்லி போட்டதுதான். மானாமதுரையில் வெட்டிய அதே குழியை மயிலாடுதுறையிலும் வெட்டினார்கள். அப்படி வெட்டிய பல குழிகளில் இன்று செம்பருத்தி பூத்திருக்கிறது. டெல்டாவில் எந்த வீட்டுக்குத் தொட்டி, எந்த வீட்டுக்குக் குழி என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. குழாய், வடிகட்டி எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

மழைக் கணக்கு பயப்படுகிற அளவு கஷ்டமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். செய்தியில் "நாகையில் 10 செ.மீ. மழை" என்று படிக்கிற நாளில் அந்த ஒரே மாடியில் 9,300 லிட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். விழுந்ததெல்லாம் கைக்கு வராது. தளம் உறிஞ்சியது, ஆவியானது, ஓரத்தில் வழிந்தது எல்லாம் போக, கான்கிரீட் மாடியில் நூற்றுக்கு எண்பது வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுக் கூரையில் கொஞ்சம் குறையும்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 1,000 மி.மீ.யை ஒட்டி இருக்கும். கடற்கரையில் நாகப்பட்டினத்தில் 1,300 மி.மீ.யைத் தாண்டும். இதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ப்பது. ஆக, கும்பகோணத்தில் ஆயிரம் சதுர அடி மாடி வருஷத்துக்கு 74,000 லிட்டர் கொடுக்கும், நாகையில் 96,000 லிட்டர்.

இது பெரிசா, சின்னதா? ஐந்து பேர் உள்ள வீட்டில் குளியல், துவையல், கழிப்பறை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு எட்டு லிட்டர், நாளைக்கு 40, வருஷத்துக்கு 14,600 லிட்டர் போதும். கூரை கொடுப்பதோ அதைப்போல ஐந்து மடங்கு.

இந்த ஐந்து மடங்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த ஊர்களில் ஒவ்வொரு சொட்டையும் பிடித்தாக வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லை. அழுக்கான முதல் மழையை விட்டுவிடலாம், வழிந்தால் வழியட்டும் என்று இருக்கலாம், நல்லதாகப் பார்த்துப் பிடிக்கலாம். இங்கே தட்டுப்பாடு மழைக்கு இல்லை, பிடித்து வைக்கும் இடத்துக்குத்தான்.

தொட்டியா, குழியா?

இதற்கு விடை உங்கள் வீட்டுக் கிணற்றிலேயே இருக்கிறது. கிணறு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் எட்டிப் பாருங்கள். கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை பார்த்தால் போதும். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, வாயில் வைத்தால் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விதான்.

திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று பழைய ஆற்றுப் பாசனப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மேலே வயல் களி, அதற்கடியில் ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணல். இந்த மணலில்தான் ஃபில்டர் பாயிண்ட் என்கிற துளைக் குழாயை இறக்கித் தண்ணீர் எடுக்கிறோம். ஆறும் வாய்க்காலும் வயலும் சேர்ந்து நிலத்துக்குள் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருப்பதால், மழைக்காலத்தில் கிணற்று நீர் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே நிறைந்திருக்கிற நிலத்தில் குழி வெட்டினால் மழைநீர் உள்ளே போகாது. குழியில் ஊற்று நீர்தான் மேலே வரும். இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு வீடு செறிவூட்டல் குழி போடுவது சடங்கு. கோடையில் தண்ணீர் இருபது முப்பது அடி இறங்குகிற தெருவானால் கதை வேறு. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஆவணி மாலை மழையும் அந்தக் குழி வழியாக நன்றாகவே இறங்கும். அதனால்தான் கிணற்றை இரண்டு பருவத்திலும் பார்க்கச் சொன்னேன்.

தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் மேடு, தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்கள் வேறு ரகம். செம்மண்ணும் செம்புராங்கல்லுமான பூமி. 1930-களில் புதாறு என்கிற கல்லணைக் கால்வாயை வெட்டிய பிறகுதான் அங்கே பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் போனது. கிணறுகள் ஆழம், போர்கள் அதைவிட ஆழம், வருஷா வருஷம் இறங்கிக்கொண்டும் போகின்றன. குழி வெட்டுவதற்கு ஏற்ற இடம் அதுதான். இடம் இருக்கிறது, தாகமும் இருக்கிறது. எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொள்ளும்.

மூன்றாவது கடலோரம். நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம். இங்கே நிலத்தடியில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிராம். அதனால் மழையால் மண்ணுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்துகொண்டிருக்கும். இந்தக் கன வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல நீர் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும்: மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வருவதற்கு வழி திறந்துவிடுகிறோம். மண்ணின் அடுக்கைப் பொறுத்து இந்த எண் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் போகிற திசை மாறாது. "நல்ல தண்ணி வரலைன்னு இன்னும் நூறு அடி இறக்கினோம், உப்புதான் வந்துச்சு" என்று கடலோரத்தில் சொல்வது இதனால்தான்.

ஆகவே கடலோர வீட்டில் இரண்டுமே வேண்டும், வேறு வேறு காரணத்துக்காக. குடிக்கத் தொட்டி. தொட்டி நிறைந்து வழிவதை ஆழமில்லாத குழியிலோ, பழைய உறைகிணற்றிலோ விட்டால் மேலே மிதக்கும் நல்ல நீர் கொஞ்சம் தடிக்கும். ஆழமான போரில் கொண்டுபோய் விட்டால் உப்போடு கலந்து வீணாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைக் கரையோரம் நிலமும் கிணறும் உப்பானபோது, அந்த உப்பை மெல்லக் கழுவி இறக்கியதில் அடுத்து வந்த மழைக்காலங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் முன்னோர் இந்த வேலையைக் குளத்தில் செய்தார்கள். திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று சொல்வார்களே, அந்தக் கமலாலயக் குளம் முப்பது ஏக்கருக்கு மேல். அவ்வளவு பரப்பில் நின்ற தண்ணீர் அழகுக்கு மட்டும் நிற்கவில்லை, சுற்றுத் தெருக் கிணறுகளுக்கும் ஊறியது. தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீரைச் சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடும் அந்த வகைதான். குளத்துக்கு வரும் வாய்க்காலில் கடை கட்டிவிட்டு வீட்டில் மூன்றடிக் குழி வெட்டுவதால் கணக்கு நேராகாது. ஊராக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. இந்தக் கட்டுரை வீட்டோடு நிற்கிறது.

கூரையிலிருந்து தொட்டிக்கு

பழைய ஓட்டு வீடுகளில் இதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. நாலு பக்கக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும், மழை பிடித்ததும் முற்றத்தில் அண்டாவும் தவலையும் இறங்கும். கூரையைத் தொடாத தண்ணீர் வேண்டும் என்றால் வெள்ளை வேட்டியை நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு சுத்தமான கல்லைப் போட்டு, கீழே குடத்தை வைப்பார்கள். இன்றைய மாடி வீட்டில் செய்வதும் இதே வேலைதான். கூரை, வழி, வடிகட்டி, பாத்திரம்.

கூரையில் பார்க்க வேண்டியது வாட்டம். தளத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். நாலு மூலையிலும் நாலு துவாரம் வைத்திருந்தால் நாலு குழாயையும் சுவரோரமாகவே ஒன்று சேர்த்து ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே வாட்டத்தை ஒரே பக்கமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டால் பாதிச் செலவு மிச்சம். வாஸ்து பார்க்கிறவர்கள் தொட்டி ஈசானிய மூலையில்தான் என்பார்கள். இருக்கட்டும், குழாய் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆயிரம் சதுர அடிக்கு நாலு அங்குல பி.வி.சி. குழாய் போதும். குழாய் வாயில் ஒரு கம்பி வலை அவசியம். வேப்பிலை, அணில் கூடு, கிரிக்கெட் பந்து எல்லாம் அங்கேதான் போய் அடைக்கும்.

கூரை எதனால் ஆனது என்பதும் முக்கியம். சிமெண்டுத் தளம், தட்டோடு பதித்த தளம், மங்களூர் ஓடு எல்லாம் குடிநீருக்குச் சரி. தென்னங்கீற்றுக் கூரையிலிருந்து வருவது தேநீர் நிறத்தில் இருக்கும், அது செடிக்கு. வெயிலுக்காக வெள்ளைப் பெயிண்ட் அடித்த மாடியாக இருந்தால், குடிநீர்த் தொட்டிக்கு ஒத்துவரும் பெயிண்டா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாடியில் புறா வளர்ப்பதையும் குடிநீர் பிடிப்பதையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

அடுத்ததுதான் எல்லோரும் தவறவிடுகிற இடம்: முதல் தண்ணீரை வெளியேற்றுவது. மாதக்கணக்கில் மாடியில் படிந்த புழுதி, பறவை எச்சம், அறுவடை சமயத்தில் பறந்து வந்த வைக்கோல் தூசு எல்லாவற்றையும் முதல் சில நிமிஷ மழை கழுவிக்கொண்டு வரும். குறைந்தது முதல் ஒரு மில்லிமீட்டர் மழையையாவது தொட்டிக்குள் விடக் கூடாது. நம் ஆயிரம் சதுர அடிக்கு அது 93 லிட்டர். கடையில் விற்கும் ஏற்பாடுகளில் சில, ஒரு நாலு அங்குலக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி மூடி போட்டுவிட்டு "முதல் தண்ணீர் இதில் தங்கிவிடும்" என்பார்கள். நாலு அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். பத்தடி நிறுத்தினாலும் 24 லிட்டர். அது போதவே போதாது. அதற்குப் பதில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வழியில் வைத்து, கூரைத் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, அது நிறைந்த பிறகே தொட்டிப் பக்கம் திரும்பும்படி குழாயில் 'T' வடிவ இணைப்பு போட்டுவிடலாம். டிரம்மின் அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்து மெல்லச் சொட்டும்படி திறந்துவிட்டால், அடுத்த மழைக்குள் அதுவே காலியாகிவிடும். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும்.

இன்னும் சுலபமான வழியும் உண்டு. புரட்டாசி மழையையே மொத்தமாக விட்டுவிடுங்கள். குழாயில் ஒரு வால்வு போட்டு மூடியே வைத்திருங்கள். ஐப்பசி பாதியில், நாலு மழை பார்த்துக் கூரை பளிச்சென்று ஆன பிறகு, வால்வைத் திறந்து தொட்டிக்கு விடுங்கள். பத்தாயிரம் லிட்டர் தொட்டி நிறைய 134 மி.மீ. மழை போதும். டெல்டாவில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு நாளில் அது முடிந்துவிடும். ஐந்து மடங்குக் கணக்கின் சௌகரியம் இதுதான்.

வடிகட்டிக்கு டிரம்மிலோ, செங்கல் கட்டிய சிறு தொட்டியிலோ கீழே ஒன்றரை அங்குல ஜல்லி, அதற்குமேல் முக்கால் அங்குல ஜல்லி, மேலே மணல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நைலான் வலை இருந்தால் கழுவ எடுக்கும்போது ஒன்றோடொன்று கலக்காது. ஆற்று மணல் இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலைப் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் கல்மாவு அதிகம். தண்ணீர் தெளிவாக வரும்வரை பலமுறை அலசாமல் போட்டால், வடிகட்டி வேலை செய்வதற்குப் பதில் தொட்டியில் சேறு சேர்க்கும். அடைமழையில் சின்ன வடிகட்டி ஈடுகொடுக்காமல் வழியும். வழிவதற்கு ஒரு குழாய் வைத்துவிட்டால் போதும், பெரிசாகக் கட்ட வேண்டியதில்லை.

எவ்வளவு பெரிய தொட்டி, எங்கே?

மார்கழியோடு மழை விடைபெறும். நம்பிப் பிடிக்கும்படியான மழை மறுபடி வர ஆவணி ஆகும். நடுவில் ஏறக்குறைய 210 நாள். நாளைக்கு 40 லிட்டர் என்றால் 8,400 லிட்டர். ஐந்து பேருக்குப் பத்தாயிரம் லிட்டர் தொட்டி என்பது இப்படி வந்த கணக்குதான். இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். அவ்வளவு இடமோ பணமோ இல்லாதவர்கள் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் தொடங்கினால் ஐம்பது நாளுக்கு வரும். ஒரு கோடை மழை கிடைத்தால் இடையில் இன்னொரு முறை நிறையும்.

தொட்டியைத் தரைக்கடியில் சம்ப்பாகக் கட்டுவது வழக்கம். டெல்டாவில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊற்று மட்டம் தரைக்கு அருகில் வரும் கார்த்திகையில், காலியாக இருக்கும் சம்ப்பைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் காலித் தொட்டியைச் சுற்றி முழு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதை மேலே தூக்கும் விசை பத்து டன் எடைக்குச் சமம். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தால் அப்படியே மேலே எழும்பிவிடும். கான்கிரீட் தொட்டி எழும்பாவிட்டாலும் விரிசல் விட்டால் வெளித் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் செப்டிக் டாங்க் இருந்தால் எது உள்ளே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், பழைய டெல்டாப் பகுதியில் குடிநீர்த் தொட்டி தரைக்கு மேலேதான் இருக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சும்மா இடம் இதற்காகவே காத்திருக்கிறது. வல்லம் மேட்டில் சம்ப் கட்டுவதற்கு இந்தப் பயம் இல்லை.

தரைக்கு மேலே இருப்பதில் இன்னொரு லாபம், குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீட்டுக்கு வீடு தண்ணீர் ஏற்றினார்கள். அடிபம்பைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார் மாட்டிய வீடுகளுக்கு அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. கரண்ட் இல்லாமல் கிடைக்கும் தண்ணீர் வீட்டில் ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

குடிக்கலாமா?

குடிக்கலாம், மூன்று விஷயம் சரியாக இருந்தால்: வெளிச்சம் படக் கூடாது, கொசு போகக் கூடாது, குடிக்கும் முன் கிருமி போக வேண்டும்.

வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மூடி இறுக்கமாக, தொட்டி கறுப்பாகவோ கான்கிரீட்டாகவோ இருந்தால் வருஷம் முழுக்கத் தண்ணீர் கெடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடையைவிட இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வழியும் குழாய், காற்றுக் குழாய் எல்லாவற்றின் வாயிலும் கொசுவலையைக் கட்டி இறுக்க வேண்டும். முதல் தண்ணீர் டிரம்முக்கும் மூடி வேண்டும், பலர் அதைத்தான் மறப்பார்கள்.

கிருமிக்குக் கொதிக்கவைப்பது சுலபம். தொட்டி முழுதுக்கும் செய்வதானால் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. பொடியை அப்படியே கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்து நாளான பொட்டலத்தில் வீரியம் இருக்காது.

ருசி சிலருக்குச் சப்பென்று இருக்கும். நிலத்தடி நீரில் உள்ள சுண்ணாம்பும் உப்புகளும் இதில் கிடையாது என்பதே காரணம். அதே காரணத்தால் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியாது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பைப் பிரிப்பதற்காக ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். மழைநீரில் பிரிப்பதற்கு உப்பே இல்லாதபோது அதை ஆர்.ஓ.வில் விடுவது வேலையற்ற வேலை.

குழி வெட்டுவதானால்

மேட்டு நிலத்துக்காரர்களுக்கும், கோடையில் கிணறு இறங்குகிற தெருக்காரர்களுக்கும் இது. மூன்றடி விட்டத்தில் உறை இறக்கி, பத்துப் பதினைந்து அடி ஆழத்துக்குக் கொண்டுபோவது நல்ல வழி. உறைகளில் துவாரம் இருக்க வேண்டும், அடியில் சிமெண்ட் பூசக் கூடாது. சம்ப் கட்டிப் பழகிய கை அடியையும் பூசிவிட்டுப் போய்விடும், பக்கத்தில் நின்று பாருங்கள். மேலே களி, அடியில் மணல் என்ற நிலத்தில், களியோடு நின்ற குழியால் பயனில்லை. களியைத் தாண்டி மணல் தட்டும்வரை நடுவில் ஒரு கைபோர் இறக்கி, அதைச் சுற்றி ஜல்லி நிரப்பினால் தண்ணீருக்கு வழி கிடைக்கும்.

பாழாய்க் கிடக்கும் கிணறு இருந்தால் புதுக் குழியே வேண்டாம், தூர் வாரி வடிகட்டிய கூரைத் தண்ணீரை அதில் விட்டால் போதும். தெருத் தண்ணீரையோ, குளியலறைத் தண்ணீரையோ, யூரியா கலந்த வயல் தண்ணீரையோ கிணற்றிலும் போரிலும் விடவே கூடாது. மண் வடிகட்டும் என்று நினைப்போம், ஆனால் கிணறு மண்ணைத் தாண்டி நேராக ஊற்றுக்கே போகும் வாசல். செப்டிக் டாங்கிலிருந்து ஐம்பது அடி தள்ளியிருப்பது நல்லது. மனை சின்னதாக இருந்து அவ்வளவு தள்ள முடியாவிட்டால் குழி எண்ணத்தை விட்டுவிட்டுத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்குப் போதும். தொட்டியில் மிச்சமிருப்பதைச் செடிக்கு விட்டுத் தேய்த்துக் கழுவி, வடிகட்டி மணலை எடுத்து அலசிக் காயப்போட்டு, குழிமேல் படிந்த சேற்றுப் படலத்தைச் சுரண்டி எடுத்தால் வேலை முடிந்தது. 2003-ல் போட்ட குழிகள் செத்துப்போனது பெரும்பாலும் இந்தப் படலத்தால்தான்.

வீட்டைவிடப் பெரிய கூரைகள் டெல்டாவில் நிறைய இருக்கின்றன. ஐயாயிரம் சதுர அடிக் கல்யாண மண்டபம் ஒன்றின் கூரை வருஷத்துக்கு மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் கொடுக்கும். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் அது அவ்வளவும் சும்மா ஓடுகிறது. பள்ளிக்கூடக் கூரையில் வருவது சத்துணவுச் சமையலுக்கு ஆகும். அரிசி ஆலைக் களங்கள் இன்னும் பெரிசு. ஆனால் அங்கே உமித் தூசும் தவிடும் கலந்து வருவதால் குடிக்க வேண்டாம், நெல் ஊறவைக்கும் தொட்டிக்கு வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வேலை முடிந்து கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் மாடியில் நாலு மூலையிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் கீழே நில்லுங்கள். முதலில் டிரம்மில் விழுகிறதா, டிரம் நிறைந்ததும் வடிகட்டிக்குத் திரும்புகிறதா, எந்த மூலைத் தண்ணீராவது சன்ஷேடில் வழிந்து வீணாகிறதா என்று பாருங்கள். சேராத மூலையை அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள், ஐப்பசியில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.